முட்டைகூடச் சாப்பிடாதவர் சான்டியாகோவுக்கு நடந்து போகலாமா?

ஐயா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வயது 58, மீன், இறைச்சி, முட்டை எதையும் தொட்டதில்லை, பால், தயிர், வெங்காயம், பூண்டு உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். செப்டம்பரில், ஸ்பெயினின் சான்டியாகோ பேராலயத்துக்குப் போகும் கிறிஸ்தவ யாத்திரைப் பாதையை முழுக்க நடக்க ஆசை. வழியில் சைவச் சாப்பாடு கிடைக்குமா, குக்கரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்குமா என்றால், கிடைக்கும். ஆனால் உங்கள் மனசில் இருக்கும் கேள்வி அதைவிடப் பெரியது என்று எனக்குப் படுகிறது. ஒரு நாள் ரொட்டியையும் வாழைப்பழத்தையும் வைத்து யாரும் ஓட்டிவிடலாம். முப்பது, முப்பத்தைந்து நாள், தினமும் 20, 25 கிலோமீட்டர் நடந்து, பாஷை தெரியாத ஊர்களில், உடம்பு தளராமல், பரிமாறுகிறவரைச் சங்கடப்படுத்தாமல், தட்டில் என்ன கலந்திருக்கிறதோ என்ற சந்தேகமில்லாமல் சாப்பிட முடியுமா? அதற்குத்தான் இந்தப் பதில்.

நானும் முட்டை சாப்பிடாதவள். பிரான்ஸ் எல்லையில் சான் ழான் என்ற ஊரில் தொடங்கி சான்டியாகோவில் முடியும் ஏறத்தாழ 780 கிலோமீட்டர் பாதையை, 'காமினோ பிரான்சேஸ்' என்பார்கள், மூன்று தடவை முழுதாக நடந்திருக்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு கோடைகளில், பாதையோரக் கிராமம் ஒன்றில் யாத்திரிகர் தங்கும் விடுதியில் பதினைந்து பதினைந்து நாள் தொண்டு செய்தேன். அந்த வேலைக்கு அங்கே 'ஓஸ்பிதலேரா' என்று பெயர். காலையில் கழிவறை கழுவுவது, மதியம் வருகிறவர்களின் கால் கொப்புளத்துக்கு மருந்து போடுவது, சாயங்காலம் இருபது முப்பது பேருக்குச் சமைப்பது. சாப்பாட்டு விஷயத்தில் நடந்த நாட்களைவிட அந்த அடுப்படி எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. வடக்குக் கடலோரப் பாதையும் போர்த்துகல் பாதையும் நான் நடக்காதவை, குளிர்காலத்திலும் போனதில்லை. அதனால் கீழே சொல்வதெல்லாம் பிரான்சேஸ் பாதைக்கும், ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைக்குமே பொருந்தும்.

முதலில் ஒன்றை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். பழனிக்கு நடந்தால் வழியெல்லாம் அன்னதானப் பந்தல். விரதம் என்றாலே மரக்கறிச் சாப்பாடு என்பது சமைக்கிறவருக்கும் தெரியும், சாப்பிடுகிறவருக்கும் தெரியும். ஸ்பெயினில் விரதம் என்றால் இறைச்சியை விடுவது, அவ்வளவுதான். கத்தோலிக்கர்களின் தவக்கால வெள்ளிக்கிழமைக்கு அங்கே பெயர் போன சாப்பாடு, கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் கருவாட்டு மீனும் சேர்த்த குழம்பு. இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மீன் வருவது அந்த ஊர் நியாயப்படி சரியான பதில். இன்னொன்று, 'கார்னே' என்ற சொல்லுக்கு அகராதியில் இறைச்சி என்று பொருள் இருந்தாலும், புழக்கத்தில் மாட்டு இறைச்சி, பன்றி இறைச்சித் துண்டுதான் கார்னே. உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை 'ஹமோன்'. அது அவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு மசாலா மாதிரி. என் முதல் பயணத்தில், ஒரு கிராமத்து உணவகத்தில் கார்னே இல்லாத சூப் கேட்டேன். பூண்டு மணக்க வந்த கிண்ணத்தில் கடுகைவிடச் சற்றே பெரிய இளஞ்சிவப்புத் துணுக்குகள் மிதந்தன. கூப்பிட்டுக் காட்டினால், பரிமாறிய அம்மாள் என் தோளைத் தொட்டு, "இது கார்னே இல்லை கண்ணு, ஹமோன்" என்றாள். ஏமாற்றவில்லை, நான் கேட்டதைத்தான் கொடுத்தாள்.

அதனால் 'சைவம்' என்ற ஒரு சொல்லை நம்பாமல் பட்டியலாகச் சொல்லப் பழகுங்கள். "சோய் பெஹெதாரியானோ. நோ கோமோ கார்னே, நி போயோ, நி ஹமோன், நி பெஸ்காதோ, நி அதூன், நி உவேபோ." நான் சைவம், இறைச்சி, கோழி, ஹமோன், மீன், டியூனா, முட்டை சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம். டியூனாவைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே சாதாரணக் காய்கறி சாலட்டின் தலையில் டப்பா டியூனா ஒரு கரண்டி வைப்பது வழக்கம். சமைக்கிறவர் பலருக்கு அது மீன் கணக்கிலேயே வருவதில்லை. வேண்டாததை நீக்கச் சொல்ல 'சின்' என்ற ஒரு சொல் போதும்: சின் அதூன், சின் ஹமோன், சின் உவேபோ. இந்த வாக்கியத்தை ஸ்பானிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி எடுத்துப் போங்கள். வாயால் சொல்வது பரிமாறுகிறவரோடு நின்றுபோகும்; அட்டை சமையலறைக்குள் போகும்.

என் அனுபவத்தில், எப்படிச் சொல்கிறோம் என்பதைவிட எப்போது சொல்கிறோம் என்பதுதான் முக்கியம். தொண்டு செய்த விடுதியில் நான் அதிகம் சமைத்தது 'லென்தேஹாஸ்', அதாவது முழுப் பயறு போன்ற சின்னப் பழுப்பு மசூர். பெரிய அண்டாவில் ஆலிவ் எண்ணெய் ஊற்றி வெங்காயம், பூண்டு, காரட், பச்சைக் குடமிளகாய் வதக்குவார்கள். அடுத்து பிரிஞ்சி இலையும், ஓக் கட்டைப் புகையில் உலர்த்திய சிவப்பு மிளகாய்த்தூளும் விழும். அதற்குப் பெயர் 'பிமென்தோன்'. உடனே 'சோரிசோ' என்ற பன்றித் தொத்திறைச்சி வட்டம் வட்டமாக. ஒரு நிமிஷத்தில் எண்ணெய் முழுக்க ரத்தச் சிவப்பாகிவிடும். பிறகுதான் பருப்பும் தண்ணீரும். ஆக, இரவு எட்டு மணிக்குப் பந்தியில் உட்கார்ந்து "எனக்கு மட்டும் இறைச்சி வேண்டாம்" என்றால், துண்டுகளைப் பொறுக்கி எடுத்துத்தான் தர முடியும். மூன்று மணிக்குப் படுக்கை பதிகிறபோதே சொன்னால் சோரிசோ அண்டாவுக்குள்ளேயே போகாது. நான் என்ன செய்வேன் என்றால், மொத்தத்தையும் பிமென்தோனோடு நிறுத்திவிட்டு, சோரிசோவைத் தனி வாணலியில் வறுத்து வேண்டியவர்களுக்குத் தட்டில் வைப்பேன். சோரிசோவின் வாசனையில் பெரும்பங்கு பூண்டும் அந்தப் புகைமிளகாய்த்தூளும்தான். அதனால் ருசி குறைந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. இப்படி இறைச்சி சேராத குழம்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வியூதாஸ்', கைம்பெண் என்று பொருள். லென்தேஹாஸ் வியூதாஸ், பதாதாஸ் வியூதாஸ் என்று கேட்டுப் பாருங்கள். வயதான சமையல்காரர்களின் முகம் மலரும். தங்கள் பாட்டி கஷ்டகாலத்தில் செய்ததைக் கேட்கிறாரே என்று அக்கறையாகச் செய்து தருவார்கள்.

ஆகவே விடுதிக்குள் நுழைந்ததும் முத்திரை குத்த யாத்திரிகர் கையேட்டை நீட்டும்போதே அட்டையையும் நீட்டிவிடுங்கள். எல்லோரும் ஒரே மேசையில் சேர்ந்து சாப்பிடும் விடுதிகள் பாதையில் நிறைய. க்ரன்யோன் ஊரின் தேவாலயத்தோடு ஒட்டிய விடுதி, தொசான்தோஸ், பெர்சியானோஸ் ஆகிய ஊர்களில் இருப்பவை எல்லாம் இந்த வகை. கட்டணம் கிடையாது, இயன்றதைப் பெட்டியில் போட வேண்டியதுதான். சமையலுக்கும் கூடமாட உதவலாம். காய் நறுக்கக் கத்தியோடு உட்கார்ந்துவிட்டால் அண்டாவில் என்ன போகிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். நாலு நாள் மெனு அட்டை படித்து வராத நிம்மதி அந்த ஒரு மாலையில் வரும்.

உணவகத்தில் உங்களுக்கு வாய்ப்பது 'யாத்திரிகர் சாப்பாடு' என்கிற மூன்று கட்டச் சாப்பாடு; முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு, கூடவே ரொட்டி, திராட்சை மது அல்லது தண்ணீர். பெரும்பாலும் 12 முதல் 15 யூரோ, ஊருக்கு ஊர் மாறும். இரண்டாம் தட்டு அநேகமாக எப்போதும் இறைச்சியோ மீனோதான், சைவத்துக்குத் தருவது முட்டை ஆம்லெட். முட்டையும் இல்லை என்றால், முதல் தட்டுப் பட்டியலிலிருந்தே இரண்டு எடுத்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள். "தோஸ் பிரிமேரோஸ்" என்றால் புரிந்துகொள்வார்கள். நான் கேட்டு மறுத்த இடம் மிகக் குறைவு. கவலையே இல்லாமல் சாப்பிடக்கூடியவை: வறுத்த ரொட்டியில் பூண்டும் தக்காளியும் தேய்த்து ஆலிவ் எண்ணெய் விட்ட 'தோஸ்தாதா', உப்புத் தூவி வறுத்த பாத்ரோன் பச்சைமிளகாய், சின் போட்டு வாங்கிய சாலட், தக்காளிச் சாறு மட்டும் விட்ட பாஸ்தா, சுட்ட சிவப்பு மிளகாய். முட்டையை நீக்கச் சொன்னால் 'கியூபச் சோறு' என்ற வெள்ளைச் சோறும் தக்காளிக் குழம்பும் கிடைக்கும். இனிப்பில் 'அர்ரோஸ் கோன் லெச்சே' நம் பால் பாயசமேதான், பட்டையும் எலுமிச்சைத் தோலும் மணக்கும். அதே வரிசையில் வரும் ஃப்ளான், நதியாஸ் இரண்டும் முட்டை. நவார்ரா பக்கம் மண்சட்டியில் கொடுக்கும் 'குவஹாதா' ஆட்டுப்பால் தயிர் போலத் தோன்றும். அது மரபுப்படி ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாற்றால் உறைய வைப்பது.

சந்தேகத்துக்கு உரியவை வேறு. காய்கறி சூப்பின் தண்ணீர் எலும்புச் சாறா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, கேட்டால்தான் உண்டு. 'ஹுதியாஸ் பெர்தேஸ்' எனும் பச்சை பீன்ஸ், 'மெனெஸ்த்ரா' எனும் கூட்டு, இவை ஹமோன் துணுக்கோடு தாளித்து வரும் பழக்கம் உண்டு. பாதையின் கடைசிப் பகுதியான கலிசியாவில் மலையேறி ஓ செப்ரெய்ரோவுக்குப் போனால் குளிருக்கு இதமாகக் கீரை, உருளை, வெள்ளை மொச்சை போட்ட 'கால்தோ' ஆவி பறக்க வரும். பார்வைக்குச் சுத்த சைவம். ஆனால் அதன் அடிவாசனையே பதப்படுத்திய பன்றிக் கொழுப்பு, அதை நான் தொடுவதில்லை. வறுத்த உருளையின் எண்ணெயில் மீனும் வறுத்திருக்கலாம். பாலாடைக்கட்டி பலவும் கன்று, ஆட்டுக்குட்டி இரைப்பை நொதியால் உறைந்தவை. பொட்டலத்தில் 'குவாஹோ' என்று மட்டும் போட்டிருந்தால் விலங்கு நொதி என்றே வைத்துக்கொள்ளலாம். எலும்புச் சாறு, பொது எண்ணெய், பாலாடைக்கட்டி, இந்த மூன்றிலும் உங்கள் எல்லை எது என்பதை நான் தீர்மானிக்க முடியாது. வீட்டில் இருக்கும்போதே தீர்மானித்துக்கொண்டு கிளம்புங்கள். பசியோடு மேசையில் உட்கார்ந்து அதை யோசிக்கக்கூடாது. நான் பாலாடைக்கட்டியை ஏற்றுக்கொண்டேன், பொது எண்ணெயை ஏற்றுக்கொண்டேன், சாறை ஏற்கவில்லை.

ஒரு பொறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். காலை பத்து மணிக்கு நடுவழி மதுக்கடைகளில் 'போகதியோ பெஹெதால்' என்று எழுதியிருக்கும். மரக்கறி ரொட்டி என்று நேர்ப்பொருள். உள்ளே கீரை, தக்காளியோடு டியூனா, அவித்த முட்டை, மயோனைஸ் மூன்றும் இருக்கும். அதே போல உணவகத்தில் ஒவ்வாமை அட்டவணை காட்டினால் அதையும் அரைப் பங்குதான் நம்பலாம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 2014 டிசம்பரிலிருந்து 14 ஒவ்வாமைப் பொருள்களைச் சொல்லியாக வேண்டும். அதில் முட்டை, மீன், இறால் வகை, பால் எல்லாம் உண்டு, அதனால் முட்டை இருக்கிறதா என்று அறிய அருமையான வழி. ஆனால் பன்றியும் மாடும் ஒவ்வாமைப் பட்டியலில் இல்லை. ஹமோன் போட்ட பீன்ஸுக்கு நேரே அட்டவணை வெறுமையாக இருக்கலாம்.

நிலம் மாறும்போது சாப்பாடும் மாறும். தொடக்கத்து நவார்ராவும் ரியோஹாவும் காய்கறி பூமி. நீங்கள் போகும் செப்டம்பரில் சிவப்பு மிளகாயைத் தெருவில் உருளையில் போட்டுச் சுடும் வாசனை ஊர் முழுக்க இருக்கும். லொக்ரோன்யோ நகரத்தின் லவுரெல் தெருவுக்கு ஒரு மாலை போங்கள். இரும்புத் தகட்டில் காளான் தொப்பிகளைக் கவிழ்த்து, குழிவில் பூண்டெண்ணெய் கொதிக்க விட்டு, மூன்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ரொட்டித் துண்டில் குச்சியால் குத்தித் தருவார்கள். உச்சியில் ஒரு இறால் வைப்பார்கள். குச்சி குத்துவதற்கு முன்னாலேயே "சின் கம்பா" என்று சொல்லிவிட வேண்டும். ரியோஹாவிலேயே சான்தோ தொமிங்கோ ஊரின் பேராலயத்தில் உயிரோடு ஒரு சேவலும் கோழியும் கூண்டில் வளர்கின்றன. தூக்கிலிடப்பட்ட அப்பாவி யாத்திரிகன் உயிரோடிருக்கிறான் என்பதற்குச் சாட்சியாக, தட்டில் இருந்த வறுத்த கோழி எழுந்து கூவியது என்பது ஐதீகம். அங்கே நின்றபோது கண் கலங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பூர்கோஸிலிருந்து லெயோன் வரை மேசேதா எனும் மேட்டுச் சமவெளி. பூர்கோஸின் பெருமை, அரிசியும் பன்றி ரத்தமும் அடைத்த மொர்சியா என்ற தொத்திறைச்சி. லெயோனைத் தாண்டி அஸ்தோர்கா பக்கம் பெருமை, இறைச்சியில் தொடங்கி, கொண்டைக்கடலைக்குப் போய், சூப்பில் முடியும் கோசிதோ என்ற சாப்பாடு. கிராமங்கள் சின்னவை, கடை ஒன்றோ பூஜ்யமோ. காரியோன் ஊரை விட்டால் 17 கிலோமீட்டருக்கு நடுவில் ஒரு கிராமம்கூடக் கிடையாது. முதல் நாள் பிரெனே மலையேற்றமும் இப்படித்தான். எட்டாவது கிலோமீட்டரில் ஒரிசோன் விடுதி, பிறகு ரொன்செஸ்வாயெஸ் வரை நிரந்தரமான கடை இல்லை. கடைகள் மதியம் இரண்டு மணிக்குச் சாத்தி ஐந்துக்குத் திறப்பதும் ஞாயிறு முழுக்க மூடுவதும் கிராமங்களில் இன்னும் வழக்கம். சனிக்கிழமை மாலைக்குள் திங்கள் காலை வரைக்கும் வேண்டியதை வாங்கி வைத்துவிடுங்கள். என் பையில் எந்நேரமும் ஒரு வேளைச் சாப்பாடு இருக்கும்: ரொட்டி, ஒரு பிடி பாதாம், உலர்ந்த அத்தி, ஆரஞ்சு. சாரியாவுக்கு அப்புறம், கடைசி 115 கிலோமீட்டரில், கூட்டமும் கடைகளும் பெருகிவிடும். சைவம் என்று தனியே எழுதிய மெனுவும் கண்ணில் படும்.

சமைக்கும் வசதிக்கு வருகிறேன். நிறைய விடுதிகளில் பொது அடுப்படி உண்டு, பாத்திரம் உண்டு, முந்தையவர் விட்டுப்போன உப்பும் எண்ணெயும் உண்டு. கலிசியாவில் மட்டும் அரசாங்க விடுதிகள் பலவற்றில் அடுப்பு இருக்கும், பாத்திரம் இருக்காது. எனவே நல்ல அடுப்படி வாய்த்த நாளெல்லாம் பயன்படுத்துங்கள். சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு நிமிஷம் சூடு செய்யும் சோற்றுக் கிண்ணங்கள், இரண்டு சேர்ந்து 250 கிராம், கிடைக்கும். 'அர்ரோஸ் ரெதோந்தோ' என்ற உருட்டை அரிசி வாங்கிக் கொஞ்சம் அதிகத் தண்ணீர் விட்டால் குழைந்துவிடும். 125 கிராம் கப் நாலு சேர்ந்த 'யோகூர் நதுரால்' இனிப்பில்லாதது. இரண்டை ஊற்றிப் பிசைந்து, ஆலிவ் எண்ணெயில் நான் கொண்டுபோன கடுகைப் பொரித்துக் கொட்டினால் தயிர்சாதம். பக்கத்தில் நின்ற கொரியப் பெண் கடுகு வெடித்ததும் பயந்து பின்வாங்கி, பிறகு இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டாள். வெந்த கொண்டைக்கடலை, மசூர் கண்ணாடிப் புட்டிகளில் கிடைக்கின்றன. எடை அதிகம் என்பதால் தங்கும் ஊரில் சாயங்காலம் வாங்கி அன்றே தீர்த்துவிட வேண்டும். லேபிளில் 'சோரிசோ', 'தோசினோ' எனும் பன்றிக் கொழுப்பு, இவை இல்லாததைப் பாருங்கள். புரதத்துக்குத் தினம் இது ஒரு வேளை, தயிர் இரண்டு கப், பாதாம் ஒரு பிடி என்ற கணக்கை விடாமல் இருந்த பயணங்களில் எனக்குக் கால் தளரவில்லை. வெறும் ரொட்டியிலும் காபியிலும் ஓட்டிய முதல் பயணத்தில் மூன்றாவது வாரம் படிக்கட்டு ஏறவே முடியவில்லை. உங்களுக்குச் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால் இந்தக் கணக்கை உங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போங்கள். நான் மருத்துவர் இல்லை.

குக்கர் வேண்டாம். உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏறக்கூடாது என்பது பாதையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. குக்கர் அதில் நாலு துணியின் இடத்தைத் தின்றுவிடும். இட்லிப்பொடி 200 கிராம், கடுகு ஒரு சின்ன டப்பா, பெருங்காயம் ஒரு சிட்டிகை, இவ்வளவு போதும். பொடி ஆலிவ் எண்ணெயோடும் ரொட்டியோடும் நன்றாகவே சேரும். நெய், பால்கோவா எடுத்துப் போகாதீர்கள். வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சிப் பொருளும் பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், விட்டுவிடுங்கள்.

இதைப் படிக்கிறவர்களில் வெங்காயம், பூண்டும் சேர்க்காதவர்கள் இருந்தால் அவர்களுக்கு இந்தப் பதில் பாதிதான் உதவும். அங்கே எல்லாக் குழம்பும் அந்த இரண்டில்தான் தொடங்குகிறது; தானே சமைப்பதும் பழம், தயிர், ரொட்டியும்தான் வழி. நீங்கள் அந்த அளவுக்குக் கட்டுப்பாடு வைக்காதது இந்தப் பாதையில் பெரிய சௌகரியம்.

கடைசியாக, சான்டியாகோ போய்ச் சேர்ந்த அன்று பேராலய முற்றத்தில் உங்களோடு நடந்தவர்கள் கட்டிப்பிடிப்பார்கள், யாராவது ஒருவர் மேலே சர்க்கரைத் தூளில் சிலுவை வரைந்த பாதாம் கேக்கை வாயருகே நீட்டுவார். மாவு சேராதது, பாதாமும் சர்க்கரையும் முட்டையும்தான். முந்தைய நாளே அவர்களிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.